அந்த வாக்குச்சீட்டு உங்களுக்கும்தான்

2024 நவம்பரில் ஒரு மதியம், ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் உணவகத்துக்கு வெளியே வாக்குப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். செவிலியர் பயிற்சிக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டோடு கடந்து போனாள். ஓட்டுப் போட்டாயா என்று கேட்டேன். “அது ஜெர்மன்காரர்களுக்குத்தானே அக்கா? என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட் அல்லவா இருக்கிறது” என்றாள். வாக்காளர் பட்டியலைத் திருப்பிக் காட்டினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் பெயர்மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள்.

அவுஸ்பில்டுங் என்னும், வேலை செய்துகொண்டே கற்கும் தொழிற்பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் இதே பதில்தான் கிடைக்கிறது. அந்த ஓட்டு, பயிற்சி பெறுபவர்களுக்கான பிரதிநிதிகள் அமைப்புக்கானது. அதன் முழுப் பெயர் ஒரு முழம் நீளம். வார்டில் எல்லோரும் சுருக்கமாக ‘யாஃப்’ என்பார்கள். 18 வயது நிரம்பாத ஊழியர்களும், எந்த வயதானாலும் பயிற்சியாளர்களும், அதாவது பயிற்சி பெறுபவர்களும், தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அவர்கள். நிறுவனத்தில் பெட்ரீப்ஸ்ராட் என்ற ஊழியர் மன்றம் இருந்து, இப்படி வாக்களிக்கக்கூடியவர்கள் ஐந்து பேராவது இருந்தால் தேர்தல் நடத்த வேண்டும். 20 பேர் வரை ஒரு பிரதிநிதி, 51 முதல் 150 பேர் வரை ஐந்து பிரதிநிதிகள் என்று எண்ணிக்கை ஏறும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரையிலான நாட்களில் வாக்குப்பதிவு, அடுத்தது 2026இல். குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. முன்பு பயிற்சியாளர்களுக்கு 25 என்ற வயது வரம்பு இருந்தது. 2021இல் அதை நீக்கிவிட்டார்கள். ஊரில் ஒரு பட்டம் முடித்து, கொஞ்ச காலம் வேலையும் பார்த்துவிட்டு, 27 வயதில் விமானம் ஏறுகிற நம்மவர்களுக்குத்தான் அந்த மாற்றத்தால் அதிகப் பலன்.

இதனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செவிலியர் பயிற்சியில் செய்முறை 2,500 மணி நேரம். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு, பயிற்றுநர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு மாணவியின் பதிவேட்டில் அந்த மணிகள் எல்லாம் ஒழுங்காக நிரப்பப்பட்டு, கையெழுத்தும் இருந்தது. பணி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே நாட்களில் அவள் ஆள் குறைந்த வேறொரு வார்டில் தனியாகப் படுக்கை விரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “வம்பு எதற்கு அக்கா, விசா போய்விட்டால்?” என்றாள்.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் முதல் ஆறு மாதத் தகுதிகாண் காலம் தாண்டிவிட்டால், தக்க காரணம் இல்லாமல் பயிற்சியாளரை நீக்க முடியாது. தன் தவறில்லாமல் பயிற்சி நின்றுபோனாலும் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு.

யாஃப் பிரதிநிதியாக இருந்தவன் இருபது வயதுப் பையன், காதில் கடுக்கன். யார் பெயரையும் போடாமல், மூன்று மாத அட்டவணைகளையும் பதிவேட்டு நகல்களையும் அருகருகே ஒட்டி ஊழியர் மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தான். பெரும்பாலும் இளையோரைத் தொடும் விஷயம் என்றால் யாஃப் உறுப்பினர்களுக்கு அங்கே வாக்குரிமையும் உண்டு. அடுத்த மாதம் முதல் பயிற்றுநர் இருக்கும் நாட்கள் அட்டவணையிலேயே அச்சாகி வந்தன. இரண்டு வார்டுகள் அதன் பிறகும் ஏமாற்றின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யாஃப் நேரடியாக நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட முடியாது. எல்லாம் ஊழியர் மன்றம் வழியாகத்தான். மன்றம் தூங்கினால் யாஃபும் காபி குடித்துக் கலையும். அதையும் பார்த்திருக்கிறேன்.

நம் தயக்கத்துக்கு ஊரிலும் ஒரு வேர் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் இந்தியப் பயிற்சியாளர் சட்டம், பயிற்சியாளர் தொழிலாளர் அல்லர் என்றே சொல்கிறது. அந்த நினைப்போடு வருகிறவர்கள் இங்கேயும் வாயைத் திறப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: தேவாலய அமைப்புகள் நடத்தும் மருத்துவமனைகளில் யாஃப் பற்றிய இந்த ஜெர்மன் சட்டம் செல்லாது. அங்கே தேவாலயங்களின் சொந்த விதிகள். பயிற்சியாளர்களுக்காகப் பேசும் பிரதிநிதி யார் என்று விசாரியுங்கள். பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற அரசுத் துறை இடங்களுக்கும் விதிகள் தனி.

வேட்பாளராக நிற்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யாஃப் உறுப்பினர் ஒருவர், பயிற்சி முடிவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் “என்னை வேலையில் தொடர வைக்க வேண்டும்” என்று எழுத்தில் கேட்டால், நிரந்தர வேலை ஒப்பந்தம் ஏற்பட்டதாகவே சட்டம் கருதும். அதை மறுக்க நிர்வாகம்தான் நீதிமன்றம் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வையுங்கள்.

நாகர்கோவில் பெண் அன்று வாக்களித்தாள். மறுவாரம் வார்டில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து, “பட்டியலில் நம்மூர்ப் பெயர் ஒன்றுகூட இல்லையே அக்கா, ஏன்?” என்று கேட்டாள். “யாரும் நிற்கவில்லை” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “ஜெர்மன் மொழியில் பி2 நிலை போதுமா?” என்றாள்.