சலசலப்பு அடங்கும் நேரம்

சாயங்காலம் நாலு மணிக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தால் வடைக் கடையைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. காதே கொண்டுபோய் நிறுத்திவிடும். ஈர மாவு கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் 'சொய்' என்று ஒரு சத்தம் எழும், பிறகு மழை பெய்வதுபோலச் சலசலவென்று நீளும். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு மாஸ்டர், சட்டிக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டே வடை வெந்துவிட்டதா என்று சொல்வார். "சத்தம் கம்மியாவுது பாருங்க தம்பி, இப்ப எடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பி ஜல்லிக்கரண்டியைக் கையில் எடுப்பார்.

அவர் காதில் விழுவது தண்ணீரின் சத்தம். எண்ணெய் 170, 180 டிகிரியில் காய்ந்தாலும் அது அமைதியாகத்தான் இருக்கும். மாவிலுள்ள தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டு ஆவியாகி, குமிழாக வெளியே வந்து உடைகிறபோதுதான் சத்தம் வருகிறது. தண்ணீர் குறையக் குறையக் குமிழும் குறையும், சலசலப்பும் அடங்கும். வடையை எண்ணெய்ப் பலகாரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஊறவைப்பது முதல் தட்டில் எடுத்து வைப்பது வரை, வடை போடுகிறவர் கவலையெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். அது எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும், எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் வெளியேற வேண்டும் என்பதில்தான் வடை நல்ல வடையாவதும் எண்ணெய் குடிப்பதும் இருக்கிறது.

நம் ஊரில் வடை போகாத இடமில்லை. காலையில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவருக்குப் பதினோரு மணிக்கு ஒரு டீயும் ஒரு வடையும்தான் மத்தியானச் சோறு வரைக்கும் தாங்கும். கல்யாணப் பந்தியில் வடை இல்லாத இலை இலையே அல்ல. அமாவாசைக்கும் திதிக்கும் வடை உண்டு, காக்கைக்கும் அதில் பங்கு உண்டு. பாட்டி வடை சுட்ட கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. இவ்வளவு எண்ணெயில் பொரித்தாலும் நாம் 'வடை சுட்டேன்' என்றுதான் சொல்கிறோம் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம்.

மெதுவடையின் கதை உளுந்தில் தொடங்குகிறது. மற்ற பருப்புகளை ஊறவைத்து அரைத்தால் விழுதுதான் கிடைக்கும். உளுந்தை அரைத்தால் அது பொங்கும், கையில் எடுத்தால் வழுவழுவென்று இழுபடும். அந்த வழுவழுப்புக்குக் காரணம் அரபினோகேலக்டன் என்ற பெரிய சர்க்கரைச் சங்கிலி. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உளுந்திலுள்ள புரதம் காற்றுக்குமிழைச் சுற்றி மெல்லிய தோலாகப் படர்கிறது. இந்தப் பசை குமிழ்களுக்கு இடையே உள்ள நீரைக் கெட்டிப்படுத்தி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துபோகாமல் பிடித்துவைக்கிறது. இட்லி பஞ்சுபோல இருப்பதற்கும் இதே கூட்டணிதான் காரணம். இட்லிக்கு உள்ள வித்தியாசம், அங்கே இரவெல்லாம் மாவு புளித்து நுண்ணுயிரிகள் வாயுவைத் தருகின்றன. வடைக்கு அந்த அவகாசம் இல்லை. வேண்டிய காற்றை ஆட்டும்போதே உள்ளே அடித்துவிட வேண்டும்.

அதனால்தான் வடைக்கு ஆட்டுக்கல்லும் கிரைண்டரும் உசத்தி. குழவி மாவை ஒவ்வொரு சுற்றிலும் மடித்து மடித்துக் காற்றைச் சேர்க்கிறது, மாவும் அதிகம் சூடாவதில்லை. மிக்சியின் பிளேடு வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கிவிடும். பல வீடுகளில் மிக்சியில் அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்றால் அது அர்த்தமுள்ள பழக்கம். தெளிப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊற்றக் கூடாது. மாவு இளகினால் குமிழ் நிற்காது, வடிவமும் நிற்காது, அதிகமாகச் சேர்ந்த நீர் ஆவியாகப் போன இடங்களிலெல்லாம் பிறகு எண்ணெய் வந்து உட்காரும். உப்பையும் வெங்காயத்தையும் கடைசியில் சேர்ப்பதும் இதனால்தான். உப்புப் பட்ட வெங்காயம் நீர் விட்டுவிடும்.

பதம் பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். மாவில் ஒரு சொட்டைக் கிள்ளிப் போட்டால் மிதக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் மாவு ஒரு கிராமைவிட லேசாகிவிட்டது, அந்த அளவுக்குக் காற்று ஏறிவிட்டது என்பதை எந்தத் தராசும் இல்லாமல் அந்தச் சொட்டு சொல்லிவிடுகிறது. சட்டியிலும் இதன் தொடர்ச்சியைப் பார்க்கலாம். காய்ந்த எண்ணெய் தண்ணீரைவிட நன்றாகவே லேசு. 180 டிகிரியில் ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 800 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எனவே தண்ணீரில் மிதந்த மாவுகூட எண்ணெயில் முதலில் முங்கும். சில நொடிகளில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஆவியும் சேர்ந்து, வடை உப்பி மேலே வரும். சரியாக ஆட்டாத மாவு அடியிலேயே கிடக்கும்.

இனி ஓட்டைக்கு வருவோம். சின்ன வயதில் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு மாவு கொஞ்சம் இளகிவிட்டதால் நடுவில் குழி விழவே மாட்டேன் என்றது. சரி, இருக்கட்டும் என்று பாதி மாவை உருண்டையாகவே போட்டேன். மீதிப் பாதியில் அரிசி மாவு கொஞ்சம் சேர்த்து இறுக்கி, ஓட்டை போட்டுச் சுட்டேன். இரண்டையும் ஒரே சிவப்பில் எடுத்துப் பிட்டுப் பார்த்தால், ஓட்டை வடை நடுப்பகுதி வரை வெந்து நூல் நூலாகப் பிரிந்தது. உருண்டையின் நடுவில் மாவு பச்சையாக, விரலில் பசைபோல ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். நடுப்பகுதி வேகும்போது வெளிப்புறம் கறுத்துவிட்டது.

மாவு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்திருந்தால் இன்னும் மெதுவாக. வெப்பம் உள்ளே போய்ச் சேரும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. போகவேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. எலுமிச்சம்பழ அளவு உருண்டைக்கு நடுப்புள்ளி வெளியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதே மாவை வளையமாக்கினால் எந்தப் புள்ளியும் எண்ணெயிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்காது. கட்டைவிரல் செய்யும் அந்த ஒரு குத்து, வேகும் நேரத்தை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அப்படியென்றால் உளுந்து போண்டாவுக்கு ஏன் ஓட்டை இல்லை? அதைச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு, தீயைத் தணித்து, நேரம் கொடுத்து வேகவைக்கிறார்கள். எங்கள் பக்கம் ஆமவடை என்று சொல்லும் பருப்பு வடைக்கும் ஓட்டை தேவையில்லை. கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்துத் தட்டையாகத் தட்டுவதால் கனமும் குறைவு, ஆவி போக ஓரமெல்லாம் வெடிப்பும் இருக்கிறது.

சட்டிக்குள் நடப்பதில் வெப்பக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். எண்ணெயிலிருந்து உறிஞ்சப்படும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவிக்கே போகிறது. கூட்டம் நிற்கிறது என்று சட்டி நிறைய மாவைப் போட்டால் எண்ணெய் சட்டென்று தணிந்துவிடும். ஒரு ஈட்டுக்கு இத்தனை வடைதான் என்று மாஸ்டர் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். தண்ணீர் இருக்கும்வரை வடையின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது, அங்கே நடப்பது இட்லிப் பானையில் நடக்கும் அதே வேகல்தான். மேற்புறம் மட்டும் காய்ந்துபோய் 140 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அங்கே புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் வாசனையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்த வினை இது. தெருமுனையிலேயே நம் மூக்கைப் பிடித்து இழுப்பது அதுதான்.

ஆவி வெளியே பாய்ந்துகொண்டிருக்கும்வரை எண்ணெயால் பெரிதாக உள்ளே நுழைய முடியாது. வாசலில் கூட்டம் வெளியே வரும்போது எதிர்த்து உள்ளே போக முடியாததைப்போல. பிறகு எப்போதுதான் வடை எண்ணெய் குடிக்கிறது? பெரும்பாலும் சட்டியை விட்டு எடுத்த பிறகு. பொரித்த பண்டங்களை வைத்து நடந்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். வடையை வெளியே எடுத்ததும் துளைகளில் நிற்கும் அந்த ஆவி குளிர்ந்து மறுபடியும் நீராகச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் வடையின் மேல் எது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அதை வடை உறிஞ்சிக்கொள்ளும்.

மாஸ்டர் வடையை எடுத்தவுடன் தட்டில் கொட்டமாட்டார். ஜல்லிக்கரண்டியைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, சூட்டுக்கு மேலேயே சில நொடி பிடித்திருப்பார். பிறகு துளை போட்ட தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் சாய்த்து நிறுத்துவார். சூடான எண்ணெய் தண்ணீர்போல ஓடும், ஆறினால் கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சல் தொடங்குவதற்கு முன் வழியவிட்டால் வழிந்ததுதான் லாபம். அந்தச் சில நொடிகளைத் தவறவிட்டு, ஆறிய பிறகு காகிதத்தில் வைத்துப் பிழிந்தால் மேலோட்டமாக இருப்பது மட்டுமே வரும். அதுவும் செய்தித்தாள் என்றால் வேண்டவே வேண்டாம். சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்து வடைக்குள் கொண்டுபோய்விடும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016லேயே இதை எச்சரித்தது. வாழையிலை நறுக்கில் வைத்துக் கொடுக்கும் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

எண்ணெயை இழுக்கும் அதே உறிஞ்சலைத்தான் நம்முடைய சமையல் தனக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொண்டது. சாம்பார் வடைக்கு வடை சூடாக இருக்க வேண்டும் என்பார்கள். சூடான வடையைச் சாம்பாரில் போட்டால், ஆவி சுருங்கும் இடத்துக்குச் சாம்பார் பாய்கிறது. ஆறிய வடையை எவ்வளவு நேரம் போட்டுவைத்தாலும் நடுப்பகுதி அப்படி ஊறாது. தயிர் வடைக்குச் சுட்ட கையோடு வெந்நீரில் போட்டு, லேசாகப் பிழிந்து, பிறகு தயிரில் சேர்ப்பதும் இதே வித்தைதான்.

ஆஞ்சநேயருக்குச் சாற்றும் வடைமாலை இதற்கு நேர் எதிர். உளுந்தைக் கொஞ்ச நேரமே ஊறவைத்து, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, மிளகு சேர்த்து, மெல்லிசாகத் தட்டி, சலசலப்பு முழுக்க நிற்கும்வரை விட்டு எடுக்கிறார்கள். அந்த வடையில் பஞ்சு இல்லை, ஈரமும் ஏறத்தாழ இல்லை. ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர வழியில்லாததால் நாலைந்து நாள் கெடாமல் இருக்கும். நாமக்கல்லில் அனுமன் ஜயந்திக்கு 1,00,008 வடைகளால் மாலை கட்டுகிறார்கள். டீக்கடை மெதுவடையில் அப்படி ஒரு மாலை கட்டினால் அடுத்த நாளே ஊசிப்போகும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால், வடையிலிருந்து வரும் நீராவியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதை உடைத்து வேறு பொருள்களாக்கிவிடுகின்றன. அப்படி உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள விதி. கருவி இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். புது எண்ணெயில் குமிழ் பெரிதாக வந்து உடனே உடையும். கெட்ட எண்ணெயில் பொடிப்பொடியாக நுரைத்து, சோப்பு நுரைபோல உடையாமல் நிற்கும். நிறம் கறுத்திருக்கும், கரண்டியிலிருந்து தேன்போல வடியும். கெட்டியான எண்ணெய் வடையின் மேல் அதிகமாக ஒட்டும், அதனால் அதிகமாக உள்ளேயும் போகும். விலைவாசி தெரியாமல் இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வடையை நம்பித்தான் மூட்டை தூக்குகிறவர் மத்தியானம் வரை நிற்கிறார்.

ஆறரை மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும். போன வாரம் நான் போனபோது மாஸ்டர் தூக்கின் அடியில் மிச்சமிருந்த மாவை வழித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் கையை நனைத்து, உருட்டி, கட்டைவிரலால் ஒரு குத்து. ஐந்து வடை விழுந்தது. சட்டி மறுபடி ஒரு தரம் இரைந்தது. அவர் பெஞ்சைத் துடைக்கப் போனார், நான் காதைக் கொடுத்து நின்றேன். மழை விடுவதுபோலச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. "எடுத்துரலாமாண்ணே?" என்றேன். பெஞ்சிலிருந்து நிமிராமலே, "இன்னும் கொஞ்சம் பேசுது தம்பி, இருங்க" என்றார்.