பெயரை எடுத்துவிட்டால் ஆள் வேறாகிவிடுவாரா? வீடியோ கேமில் வரும் ஓய்வுபெற்ற வீரர்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் உள்ள உரிமை

2008-இல் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் தன் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் ஒரு வீடியோ கேமில் இருப்பதாக நண்பரின் மகன் சொல்லி, அதைப் போட்டும் காட்டினான். திரையில் யுசிஎல்ஏ கல்லூரி அணிக்காக ஒருவர் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். ஓபேனனின் சாயல், ஓபேனனின் 31-ஆம் எண். பெயர் மட்டும் இல்லை. 1995-இல் அந்தக் கல்லூரி தேசியக் கோப்பையை வென்றபோது அணியின் முக்கிய வீரர் அவர். கேமில் தன் உருவத்தைப் போட அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, ஒரு காசும் தரவில்லை. மறு வருடமே வழக்குப் போட்டார்.

ஆட்டத்தை விட்டுப் போனவரின் உருவத்தை வைத்து கேம் விற்றால் அவருக்குப் பணம் சேர வேண்டுமா? அமெரிக்காவில் சட்டப்படி சேர வேண்டும். ஆனால் அது கைக்கு வந்து சேர்வதற்குள் வழியில் பல இடங்களில் தட்டிப்போகிறது.

முதலில் உரிமை என்னவென்று பார்ப்போம். ஒருவரின் பெயர், முகம், குரல் ஆகியவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும். இதை ஆளுமை உரிமை என்கிறோம். நடிகர் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்தக் கூடாது என்று 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது இந்த உரிமையை வைத்துத்தான். அமெரிக்காவில் இதற்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விளையாட்டு கேம்களில் பெரிய பெயரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கலிஃபோர்னியாவில் இருப்பதால், அந்த மாநிலக் குடிமைச் சட்டத்தின் 3344-ஆம் பிரிவுதான் அதிகம் பேசப்படுகிறது.

அந்தப் பிரிவின்படி, ஒருவரின் பெயர், குரல், கையெழுத்து, புகைப்படம், உருவச்சாயல் எதையாவது முன்அனுமதி இல்லாமல், தெரிந்தே ஒரு பொருளிலோ விளம்பரத்திலோ பயன்படுத்தினால் இழப்பீடு தர வேண்டும். தொகை 750 டாலர் அல்லது உண்மையான நஷ்டம், இரண்டில் எது அதிகமோ அது. அதோடு, அந்த உருவத்தால் வந்த லாபத்தையும் கேட்கலாம். இங்கே வீரருக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது: மொத்த வருமானம் எவ்வளவு என்று மட்டும் அவர் காட்டினால் போதும், அதில் செலவு எவ்வளவு போனது என்று நிரூபிப்பது கம்பெனியின் வேலை. செய்தி, பொது விவகாரம், விளையாட்டு ஒளிபரப்பு ஆகியவற்றுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அப்புறம், வழக்கில் ஜெயித்தவரின் வக்கீல் செலவைத் தோற்றவர் தர வேண்டும். வீரர் தோற்றாலும் இதேதான். கம்பெனி வக்கீல்களின் கட்டணத்தை நினைத்தே பலர் பின்வாங்குவார்கள். அது நியாயமான பயம்தான்.

வீரர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு இந்த உரிமை உண்டு. ஆனால் இழப்பீடு கேட்க, வாரிசுகள் மாநில அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

சரி, பெயரைப் போடாமல் எண்ணையும் மாற்றிவிட்டால்? இதற்கான பதில் இந்தக் கேம்கள் வருவதற்கு வெகு முன்பே, 1974-இல் வந்துவிட்டது. லோதர் மோட்ஷன்பாக்கர் என்ற கார் பந்தய வீரரின் கார் ஒரு சிகரெட் விளம்பரத்தில் வந்தது. காரின் எண்ணை 11-இலிருந்து 71 ஆக்கி, பின்னால் ஓர் இறக்கையும் சேர்த்திருந்தார்கள். உள்ளே இருப்பவரின் முகமும் தெரியாது. ஆனாலும் காரில் இருந்த கோடுகளும் அடையாளங்களும் பார்த்தவருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கேம் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் செய்ததும் கிட்டத்தட்ட அதையேதான். அரிசோனா ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து (ஹெல்மெட் போட்டு, பந்தைக் கையால் எறிந்தும் ஆடுவது) அணியின் சாம் கெல்லர் வழக்கில் நீதிமன்றம் பதிவு செய்த ஒப்பீட்டைப் படித்தால் மனசு ஆறவில்லை. உயரம், எடை, தோல் நிறம், முடியின் நிறம், முடி வெட்டிய விதம், எந்தக் கையால் எறிவார், எந்த மாநிலத்துக்காரர், எப்படி ஆடுவார், ஹெல்மெட்டில் கண்ணாடித் தடுப்பு போடுவாரா என்பது வரைக்கும் அப்படியே இருந்தது. மாற்றியது இரண்டைத்தான்: பெயரை எடுத்துவிட்டார்கள், சொந்த ஊரை வேறாகப் போட்டார்கள். ஹெல்மெட்டின் கண்ணாடித் தடுப்பைக்கூடப் பார்த்து வரையத் தெரிந்தவர்களுக்கு இவர் யாரென்று தெரியாது என்று வாதாடுவதை எப்படி ஏற்பது?

கம்பெனியின் பெரிய ஆயுதம் கருத்துச் சுதந்திரம். கேமும் ஒரு கலைப்படைப்பு, ஆகவே அதற்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு என்றார்கள். கேமுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு என்பதை நீதிபதிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எடுத்த உருவத்தை வேறொன்றாக மாற்றிப் படைத்திருந்தால்தான் அது இங்கே கைகொடுக்கும். கால்பந்து வீரரைக் கால்பந்து மைதானத்தில், அவர் பேரெடுத்த அதே ஆட்டத்தை ஆடவைத்தால் எதுவும் மாறவில்லை. 2013-இல், ரட்கர்ஸ் கல்லூரியின் ரயன் ஹார்ட் வழக்கிலும் கெல்லர் வழக்கிலும் இரண்டு வெவ்வேறு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இப்படியே சொல்லின.

தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்லில் நடந்தது இன்னும் கசப்பானது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் மேடன் என்ற என்எஃப்எல் கேமில் பழைய காலத்துப் புகழ்பெற்ற அணிகளை வைத்து ஆடலாம். இப்போது ஆடும் வீரர்களுக்காக அவர்களுடைய சங்கத்தின் உரிமப் பிரிவுக்குக் கம்பெனி ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டியது. பழைய அணிகளில் வந்த முன்னாள் வீரர்களுக்கு உரிமமே வாங்கவில்லை. அவர்கள் உருவம் தற்செயலாக வந்து போவதுதான் என்ற வாதத்தை 2015-இல் நீதிமன்றம் தள்ளியது. உண்மையான ஆட்டம் போல இருக்கிறது என்று சொல்லித்தானே கேமையே விற்கிறார்கள்!

சங்கமே கைவிட்ட கதையும் உண்டு. ஓய்வுபெற்ற வீரர்கள் பலர், தங்கள் உருவத்துக்குச் சங்கமே மொத்தமாக உரிமம் கொடுக்கலாம் என்ற குழு உரிமப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வரும் பணத்தில் பங்கு கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. பங்கு வரவில்லை. அதுமட்டுமா, உரிமம் இல்லாத பழைய வீரர்களை அடையாளம் தெரியாதபடி மாற்றச் சொல்லி உரிமப் பிரிவிலிருந்தே கேம் கம்பெனிக்குத் தகவல் போயிருந்தது. முன்னாள் வீரர் ஹெர்ப் ஆடர்லி தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக நடந்த வழக்கில் 2008 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜூரி 2.81 கோடி டாலர் தரச் சொன்னது. அதில் 2.1 கோடி தண்டனைத் தொகை. கடைசியில் 2.625 கோடிக்குச் சமரசம் ஆனது. நம் ஆளே நமக்கு எதிராக நின்றான் என்ற கோபத்தைத்தான் அந்தத் தண்டனைத் தொகையில் நான் பார்க்கிறேன்.

கல்லூரி வீரர்களின் வழக்குகள் 6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. 4 கோடியை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் கல்லூரிகளின் சார்பில் உரிமம் கொடுக்கும் நிறுவனமும், 2 கோடியைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவும் கட்டின. விண்ணப்பித்த 24,000-க்கும் மேற்பட்டோருக்குச் சராசரியாகச் சுமார் 1,600 டாலர் கிடைத்தது. விண்ணப்பம் போடாதவருக்கு ஒன்றுமில்லை.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2024-இல் கல்லூரிக் கால்பந்து கேம் திரும்ப வந்தபோது, சம்மதம் கொடுத்த வீரருக்குத் தலா 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் தந்தார்கள். சம்மதிக்காதவரின் இடத்தில் ஒரு பொதுவான உருவம் வரும். இப்படி முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை ஆண்டு வழக்கே வந்திருக்காது.

முன்னாள் கல்லூரி வீரர்களுக்காக 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் சுமார் 280 கோடி டாலர் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பத்து ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும் அந்தத் தொகையில், கேமில் உருவம் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அது 2016-க்குப் பிறகு ஆடியவர்களுக்கு மட்டும். அதற்கு முன் ஆடிய கல்லூரிக் கூடைப்பந்து வீரர் மாரியோ சால்மர்ஸ் முதலானோர், போட்டிக் காட்சிகளில் தங்கள் உருவத்தைப் பயன்படுத்தியதற்காகப் போட்ட தனி வழக்கு காலம் கடந்துவிட்டது என்று 2025-இல் தள்ளுபடியானது. 3344-ஆம் பிரிவுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு: பொருள் முதலில் வெளியானதிலிருந்து இரண்டே ஆண்டுகள். அதனால் தன் உருவத்தைக் கேமில் பார்க்கும் ஒரு முன்னாள் வீரர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேம் கடைக்கு வந்த தேதி. அடுத்து, ஆடிய காலத்தில் கையெழுத்துப் போட்ட படிவங்களைத் தேடி எடுத்து, உரிமப் பணம் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.