ஸ்னாப் எலெக்‌ஷன், கோயலிஷன்: தமிழ்ல எப்படி எழுதுறது?

ஸ்னாப் எலெக்‌ஷன்னு நியூஸ் வந்தா சிலர் "இடைத்தேர்தல்"னு போட்டுடுறாங்க, சுத்தத் தப்பு. இடைத்தேர்தல்னா எம்பியோ எம்எல்ஏவோ இறந்தோ ராஜினாமா பண்ணியோ காலியான தொகுதிக்கு மட்டும் நடக்குறது. இது அப்படி இல்ல, பதவிக்காலம் முடியறதுக்கு முன்னாடியே மொத்த சபையையும் கலைச்சுட்டு எல்லாத் தொகுதிக்கும் ஓட்டு.

ஸ்னாப்புங்கறது டச்சு, கீழ் ஜெர்மன் பக்கத்துலேர்ந்து இங்கிலீஷுக்குப் போன சொல், லபக்குன்னு கவ்வுறதுன்னு அர்த்தம், அப்புறம்தான் 'திடீர்'ங்கற பொருளும் ஒட்டிக்கிச்சு. அதான் 'திடீர் தேர்தல்'னும் எழுதுறாங்க. எனக்கு அது ஒட்டல. ஜெர்மனியவே பாருங்க, 2024 நவம்பர் 6ல சான்ஸ்லர் (நம்ம பிரதமர் மாதிரி அரசுத் தலைவர்) ஷோல்ஸ் தன் நிதியமைச்சர் லிண்ட்னரைத் தூக்குறாரு, மூணு கட்சி அரசு உடையுது, ஆனா அங்க சான்ஸ்லர் நினைச்சவுடனே சபையைக் கலைக்க முடியாது, அதனால தோக்கணும்னே நம்பிக்கை வாக்கெடுப்பு வச்சு டிசம்பர் 16ல 207க்கு 394னு தோத்தாரு, 27ல ஜனாதிபதி கலைச்சாரு, 2025 செப்டம்பர்ல வரவேண்டிய தேர்தல் பிப்ரவரி 23லயே நடந்துச்சு. மூணு மாசத்துக்கு மேல ஆகியிருக்கு, இதுல என்ன திடீர்? ஜெர்மன்காரங்களே இதை 'முன்னாடி இழுத்த புதுத் தேர்தல்'னுதான் சொல்றாங்க. நமக்கு 'முன்கூட்டிய தேர்தல்' கச்சிதமா இருக்கு.

அடுத்தது கோயலிஷன். லத்தீன் மூலம், சேர்ந்து வளர்றதுன்னு பொருள். தமிழ்ல கூட்டணி, அதாவது கூட்டு, அணி. சிலர் கோயலிஷன் அரசை 'கூட்டாட்சி'ன்னு எழுதுறதுதான் கடுப்பாகுது. கூட்டாட்சின்னா மாநிலங்களும் மத்தியும் அதிகாரத்தைப் பிரிச்சுக்கிற ஃபெடரல் முறை. ஜெர்மனி 16 மாநிலம் உள்ள கூட்டாட்சி நாடு, அங்க நடக்குறது கூட்டணி ஆட்சி, ரெண்டையும் குழப்பினா வாசிக்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொண்ணு, நம்மூர்ல கூட்டணின்னா முதல்ல ஞாபகம் வர்றது சீட்டுப் பங்கீடு. ஜெர்மனில தேர்தல்ல எதிரெதிரா நின்னவங்க ரிசல்ட்டுக்கு அப்புறம் உக்காந்து பேசி ஒப்பந்தம் எழுதிக்கிறாங்க. 2025 தேர்தல்ல மெர்ஸுங்கறவரோட சிடியூ-சிஎஸ்யூ கட்சிகளுக்கு 208 சீட்டு, ஷோல்ஸோட எஸ்பிடி கட்சிக்கு 120, ரெண்டு தரப்பும் சேர்ந்ததுல 630ல 328. அப்படியும் மே 6ல மெர்ஸுக்கு முதல் சுத்துல 310தான் விழுந்துச்சு, தேவை 316. ரகசிய வாக்குங்கறதால கவுத்தது யாருன்னே தெரியல, அன்னிக்கே ரெண்டாவது சுத்துல 325 வாங்கி சான்ஸ்லர் ஆனாரு.

மந்திரி பதவி வாங்காம சபைல மட்டும் கை தூக்கினா அதைக் கூட்டணி அரசுன்னு சொல்லாதீங்க. 2006ல தமிழ்நாட்டுல 234ல திமுக 96 மட்டும் ஜெயிச்சும் காங்கிரஸ் அமைச்சரவையில சேராம ஆதரவு கொடுத்துச்சு. ஜெயிச்சது கூட்டணி, ஆண்டது ஒரே கட்சியோட சிறுபான்மை அரசு. அதுக்குப் பேரு 'வெளியில் இருந்து ஆதரவு'.