56 சதவீதமும் அந்த 25-ஆல் வகுக்கும் கணக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் போன் செய்தார். பி.டி.எஸ். முடித்து இரண்டு வருடம் ஆகிறது, மொத்தம் 56 சதவீதம், மூன்றாம் ஆண்டில் இரண்டு பேப்பர் போய் மறுபடி எழுதி பாஸ். அமெரிக்காவில் எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, படிக்க ஆசை. "மேடம், எனக்கு ஜி.பி.ஏ. 2.24தான் வருது, அங்க 3.0 கேக்கறாங்க, அப்ளை பண்றதே வேஸ்ட்னு கன்சல்டன்சில சொல்லிட்டாங்க. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ்ல சீட் வாங்கித் தர்றேங்கறாங்க" என்றார். (ஜி.பி.ஏ. என்பது 4-க்குக் கணக்கிடும் அமெரிக்க மதிப்பெண் சராசரி.) இந்த வருடத்தில் இதே கதையை, 2.24 இல்லாவிட்டால் 2.3, நான் கேட்பது ஆறாவது தடவை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அடுத்து போன் செய்பவருக்கு லிங்க் அனுப்பிவிட்டு காபி குடிக்கப் போகலாம்.

நான் அட்மிஷன் கமிட்டியில் இருப்பவள் இல்லை. நோய்ப்பரவல் ஆய்வில் வேலை, ஜூனியர்களின் எஸ்.ஓ.பி.யை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) திருத்துவதும் சிபாரிசுக் கடிதம் எழுதுவதும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

முதலில் அந்த 2.24. சதவீதத்தை 25-ஆல் வகுத்தால் ஜி.பி.ஏ. வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, தெரியவில்லை. 100-க்கு 4 என்றால் 56-க்கு 2.24 என்று எட்டாம் வகுப்புக் கணக்கு மாதிரி போட்டுவிடுகிறார்கள். சரி, அதே கணக்கில் 75 சதவீதம் எடுத்தவருக்கு என்ன வரும்? 3.0. நம் பல்கலைக்கழகம் டிஸ்டிங்ஷன் போட்டு அனுப்பும் மாணவர், இந்தக் கணக்கின்படி அமெரிக்காவில் வாசற்படியில் நிற்கும் பி கிரேடு. பாஸ் மார்க்கான 50 எடுத்தவர் 2.0. நம் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளில் வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் எப்படி மார்க் போடுவார் என்பது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நின்று வியர்த்த எல்லோருக்கும் தெரியும். 90 என்பது நம் ஊரில் யாருக்கும் விழாத மார்க், அவர்கள் ஊரில் அது சாதாரணம். இரண்டு அளவுகோலும் ஒரே நீளம் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் எப்படிச் சரியாக வரும்?

நடப்பது வேறு. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு சோபாஸ் என்ற ஒரே விண்ணப்பத் தளம் இருக்கிறது. ஒருமுறை நிரப்பினால் பல கல்லூரிகளுக்குப் போகும். வெளிநாட்டில் படித்தவர்களிடம் டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்பார்கள். அவர்கள் பேப்பர் பேப்பராக எடுத்து, இந்தியாவில் அந்த மார்க்குக்கு என்ன மதிப்பு என்று பார்த்து கிரேடு போடுவார்கள். நான் பார்த்த அறிக்கைகளில் 25-ஆல் வகுத்து வந்ததைவிட ஜி.பி.ஏ. கூடுதலாகத்தான் வந்திருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு வரும் என்று நான் சொல்ல முடியாது; தோராயமாகத் தெரிந்துகொள்ள அவர்கள் தளத்திலேயே இலவசக் கணிப்பான் இருக்கிறது. அதைக்கூடப் பார்க்காமல் 2.24 என்று நீங்களே உங்களுக்கு ஃபெயில் போட்டுக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

கன்சல்டன்சிக்கு ஏன் 2.24 பிடிக்கும் என்றால், நீங்கள் பயந்தால்தான் "தெரிந்த காலேஜ்" விலைபோகும். அந்தக் காலேஜின் எம்.பி.எச்.சுக்கு பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.இ.பி.எச். கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்தக் கவுன்சிலின் தளத்தில் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் அரியர். மறைக்கவே கூடாது, டிரான்ஸ்கிரிப்டில் (பல்கலைக்கழகம் தரும் மொத்த மார்க் பட்டியல்) இருப்பது அவர்கள் கண்ணில் படத்தான் போகிறது. அதற்காக ஒரு பக்கம் ஒப்பாரியும் வேண்டாம். அந்தப் பெண்ணின் எஸ்.ஓ.பி.யில் முதல் பத்தி முழுக்க மன்னிப்பு, இரண்டாம் பத்தியில் பாட்டியின் சர்க்கரை நோய், மூன்றாம் பத்தியில் சின்ன வயதிலிருந்தே சேவை மனப்பான்மை. மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, எப்போது சரியானது, அதற்குப் பிறகு மார்க் எப்படி ஏறியது. கடைசி வருட மார்க் முதல் வருடத்தைவிட நன்றாக இருந்தால் அதை எடுத்துச் சொல்லுங்கள். ஏறாவிட்டால் இப்போதாவது ஏற்றுங்கள். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் என்ற பாடம் இருக்கிறது, படிக்கக் காசில்லை. கண்காணிப்போடு நடக்கும் அதன் தேர்வை எழுதி நல்ல மார்க் வாங்குங்கள். கூடவே புள்ளியியலில் ஒரு பாடம். வீடியோவை ஓடவிட்டுவிட்டு வாங்கிய இருபது சான்றிதழ்களை அடுக்கினால் யாரும் மயங்கப் போவதில்லை. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைப் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். விருப்பம் என்று சொல்லும் இடத்தில், கணக்கு நன்றாக வரும் என்றால் மட்டும் எழுதுங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையான விஷயம். "கேம்ப் போயிருக்கீங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "போயிருக்கேன் மேடம், எல்லாரும் போற கேம்ப்தான்" என்றார். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று நோண்டினேன். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் ஒரு கிராமத்தில் புகையிலை போடுபவர்களைப் பரிசோதித்திருக்கிறார். வாயில் வெள்ளைத் திட்டு இருந்த 11 பேருக்கு, கல்லூரி மருத்துவமனைக்கு வரச்சொல்லி ரெஃபரல் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து, யாரும் சொல்லாமலேயே ஓ.பி. பதிவேட்டைப் புரட்டியதில் வந்தது 2 பேர். மீதிப் பேரில் சிலருக்குப் போன் போட்டிருக்கிறார். ஒரு அம்மா சொன்னாராம்: "பஸ்ஸு ரெண்டு மாறணும் கண்ணு, அன்னிக்குக் கூலியும் போயிரும், வலிக்கவே இல்லியே, எதுக்கு?"

எம்.பி.எச். வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. கண்டுபிடித்த நோயாளி ஏன் சிகிச்சைக்கு வந்து சேரவில்லை? காசநோயிலும் இதே கேள்விதான், ரத்த அழுத்தத்திலும் இதேதான். வீடு தேடி மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்ததே இதற்காகத்தான். அதைத் தானே கேட்டு, பதிவேட்டைப் புரட்டி, எண்ணிப் பார்த்த பெண் அதைப் பற்றி எஸ்.ஓ.பி.யில் ஒரு வரி எழுதவில்லை! "அதெல்லாம் ரிசர்ச் இல்லையே மேடம்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்துவிட்டிருப்பேன், ஆனால் குரல் பாவமாக இருந்தது.

நர்சிங் படித்தவர்களும் சித்தா படித்தவர்களும் பிசியோ படித்தவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். டெங்கு சீசனில் வீடு வீடாகப் போய் டிரம்மில் புழு எண்ணியிருப்பார்கள், தடுப்பூசிக்கு வராத குழந்தைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்திருப்பார்கள், ஆனால் எழுதுவது என்னவோ பாட்டியின் சர்க்கரை நோய்.

சிபாரிசுக் கடிதத்துக்கு துறைத் தலைவரான எச்.ஓ.டி. பின்னால் ஓடாதீர்கள், அவருக்கு உங்கள் பெயரே தெரியாது. பெரும்பாலும் 3 கடிதம் கேட்பார்கள். அதில் ஒன்றாவது நீங்கள் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே ஆனாலும், எழுதியதாக இருக்கட்டும். மூன்றையும் நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கினால் மூன்றும் ஒரே குரலில் பேசும், படிப்பவர்கள் அசடுகள் இல்லை.

பணத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க் குறைவான பிள்ளைக்கு சீட் கிடைத்தாலும் ஸ்காலர்ஷிப் கிடைப்பது கடினம். பொதுவான எம்.பி.எச்.சுக்குப் படிப்பு முடிந்து வேலை பார்க்க அனுமதி ஒரு வருடம்தான்; நோய்ப்பரவலியல், உயிரியல் புள்ளியியல் என்று அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான எஸ்.டி.இ.எம். பட்டியலில் வரும் பிரிவானால் கூடுதலாக 2 வருடம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்திலும் எம்.பி.எச். இருக்கிறது, விமானம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று ஒன்றுமில்லை.

அந்தப் பெண் எஸ்.ஓ.பி.யை மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறார். முதல் வரியே பஸ் இரண்டு மாறும் அந்த அம்மாதான். பாட்டி போய்விட்டார். நான் இரண்டு கமா மட்டும் மாற்றினேன். டிரான்ஸ்கிரிப்ட் வாங்கியாச்சா என்று கேட்டால், இன்னும் இல்லையாம். பல்கலைக்கழகத்தில் வாரக்கணக்கில் இழுப்பார்கள் அம்மா, நாளைக்கே கிளம்புங்கள், மார்க் ஷீட் செராக்ஸ் நாலு செட் கையில் இருக்கட்டும், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போய்ச் சேருங்கள்.