குழந்தை வழி சொல்லட்டும்: இருவர் கூடி ஆடும் புதிர் விளையாட்டுகளும் பேச்சு வளர்ச்சியும்

பேச்சு, மொழிப் பயிற்சிக்காகக் குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோரிடம், திரை நேரத்தைக் குறையுங்கள் என்று சொல்வது எங்கள் அன்றாட வேலை. அதே நான், ஏழு வயதைத் தாண்டிய சில பிள்ளைகளின் பெற்றோரிடம், வாரத்தில் ஓரிரு மாலைகள் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் விளையாடுங்கள் என்று சொல்லும்போது அவர்கள் திகைத்துப் போகிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உறவினரோடு எப்போதாவது வீடியோ அழைப்பில் பேசுவதைத் தவிர, இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பரிந்துரைப்பது அந்த வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு. அதிலும், ஒரே அறையில் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் துணையின்றி மற்றவர் மேற்கொண்டு நகர முடியாதபடி வடிவமைக்கப்பட்ட கூட்டுப் புதிர் விளையாட்டுகளை மட்டுமே.

ஸ்வீடனைச் சேர்ந்த கோல்ட்வுட் இன்டராக்டிவ் நிறுவனம் 2018இல் உருவாக்கிய 'அன்ராவல் டூ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கம்பளி நூலால் ஆன இரண்டு சிறு பொம்மைகள் ஒரே நூலால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பொம்மை மேட்டின் மேல் நூலை இறுக்கிப் பிடித்து நிற்க, மற்றது அந்த நூலில் தொங்கி ஊஞ்சல்போல ஆடிப் பள்ளத்தைக் கடக்கிறது. பிறகு அது அந்தப் பக்கம் நின்று முதல் பொம்மையை இழுத்துக்கொள்கிறது. இந்த ஓர் இடத்தைக் கடக்கவே குழந்தை என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்: "அம்மா, நீங்க அந்த மேட்டுல பிடிச்சிட்டு நில்லுங்க, நான் தொங்கி அந்தப் பக்கம் போனதும் நீங்க குதிங்க." இரண்டு ஆட்கள், மூன்று செயல்கள், ஓர் இடம், முன்பின் வரிசை, ஒரு நிபந்தனை ஆகிய அனைத்தும் அந்த ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. பயிற்சி அறையில் படஅட்டைகளை அடுக்கி வைத்து இப்படியொரு வாக்கியத்தை வரவழைக்க நாங்கள் வாரக்கணக்கில் முயல்வதுண்டு. இங்கே அந்த வாக்கியம் குழந்தைக்கே தேவைப்படுகிறது. சொல்லாவிட்டால் பொம்மை பள்ளத்தில் விழுந்துவிடும்.

தொடக்கத்தில் அப்படி முழுமையாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அதைப் பிடிங்கப்பா, அதை, அதை!" என்று குழந்தை கத்தும். அப்பாவின் கண்கள் திரையின் வேறு மூலையில் இருக்கும். தன் கண்ணுக்குத் தெரிவது எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்று எண்ணுவது சிறு வயதில் இயல்பு. அமெரிக்க உளவியலாளர்கள் சாம் குளக்ஸ்பெர்க்கும் ராபர்ட் கிராஸும் 1960களில் இதை அழகாகச் சோதித்தார்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரு தடுப்பு. இருவரிடமும் பெயரிட முடியாத விசித்திர உருவங்கள் வரைந்த கட்டைகள். ஒருவர் விவரிப்பதைக் கேட்டு மற்றவர் அதே கட்டையை எடுக்க வேண்டும். மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகள் தமக்கு மட்டுமே புரியும் பெயர்களைச் சொன்னார்கள். தடுப்புக்கு அப்பால் இருந்த குழந்தையால் சரியான கட்டையை எடுக்க முடியவில்லை. ஆனால் அதே பெயரைச் சொன்ன குழந்தையிடமே திருப்பிச் சொன்னபோது அது சரியாக எடுத்தது. அந்தக் குழந்தைக்குச் சொல் இருந்தது. கேட்பவருக்கு எது தெரியாது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

அந்தப் பழக்கத்தை வளர்க்க 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற 2015ஆம் ஆண்டு விளையாட்டைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஒருவர் திரையில் ஒரு வெடிகுண்டைப் பார்க்கிறார். மற்றவர் திரையைப் பார்க்காமல், அதைச் செயலிழக்கச் செய்யும் கையேட்டை மட்டும் வைத்திருக்கிறார். கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அச்சிட்டுக்கொள்ளலாம். ஒரே கணினி போதும் என்பதால், கன்சோல் என்னும் விளையாட்டுக் கருவியையும், அதைக் கையில் பிடித்து இயக்கும் இரண்டு கன்ட்ரோலர்களையும் வாங்க இயலாத வீடுகளுக்கும் இது ஏற்றது. கையேட்டின் ஒரு பகுதி இப்படிப் போகும்: மூன்று கம்பிகள் மட்டும் இருந்து, அவற்றில் சிவப்பு எதுவும் இல்லையென்றால், இரண்டாவதை வெட்டு. ஆகவே "கம்பி இருக்கு" என்று குழந்தை சொன்னால் போதாது. எத்தனை கம்பி, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம் என்று சொன்னால்தான் அம்மாவால் அடுத்த வரிக்குப் போக முடியும். இன்னொரு பகுதியில் விசித்திரக் குறியீடுகள் வரும். "குதிரை லாடம் மாதிரி ஒண்ணு, காலை ரெண்டு பக்கமும் நீட்டிட்டு நிக்குது" என்று ஒரு சிறுவன் சொல்ல, அவன் தாய் பக்கத்தைப் புரட்டி அதைக் கண்டுபிடித்தபோது, அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தத் தடுப்புச் சோதனையே என் கண்முன் மீண்டும் நடந்தது. பத்து வயதான அந்தச் சிறுவன், பள்ளியில் கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் தருபவன்.

கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். பெற்றோர் அதைப் படித்துக்கொண்டு வீட்டுத் தமிழில் கேள்வி கேட்டால் போதும். உரையாடல் தமிழிலேயே நடக்கட்டும்.

பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. விளையாட்டில் தேர்ந்த அப்பாக்கள் பலர் பத்தே நிமிடங்களில் புதிரை விடுவித்துவிட்டு, "இங்க நில்லு, இப்ப குதி, இப்ப அழுத்து" என்று கட்டளையிடத் தொடங்குகிறார்கள். லெவல்கள் வேகமாக முடியும். குழந்தை வாய் திறக்க வேலையே இருக்காது. சிலர் பொறுமை இழந்து கன்ட்ரோலரையே வாங்கிக்கொள்கிறார்கள். மாறாக, இதுவரை எந்த கேமையும் தொட்டிராத அம்மாக்களிடம் குழந்தைகள் அதிகம் பேசுவதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பக் காண்கிறேன். எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியாத ஒருவருக்கு விளக்க வேண்டிய பொறுப்பு குழந்தையிடம் வந்துவிடுகிறது. எப்போதும் கற்றுக்கொள்ளும் இடத்திலேயே இருந்த பிள்ளை, கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு வருகிறது. "எனக்கு கேம் எல்லாம் வராதுங்க" என்று விலகும் தாய்மாரிடம், உங்களுக்கு வராமலிருப்பதே பெரிய உதவி என்று மனதார நான் சொல்வதுண்டு.

அதற்காக எதுவுமே உதவாமல் இருக்க வேண்டும் என்று பொருளில்லை. உளவியலாளர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு ஒன்றைக் கட்டும்போது பெரியவர் எப்போது, எவ்வளவு உதவ வேண்டும் என்பதை ஆராய்ந்தார்கள். அந்த வழியில் வந்த நடைமுறை எளிது: குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுங்கள், வென்றால் ஒரு படி குறையுங்கள். சிக்கிக்கொண்ட இடத்தில் முதலில் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பிறகு, "இதுவரை என்னென்ன செஞ்சு பார்த்தோம்?" என்று கேளுங்கள். அதற்கும் வழி பிறக்காவிட்டால், "அந்தப் பெட்டி எதுக்கு அங்க இருக்குன்னு நினைக்கிறே?" என்று கவனத்தை மட்டும் திருப்புங்கள். விடையைச் சொல்வது கடைசிப் படி. குழந்தை "அதை" என்று கத்தும்போது உங்களுக்குப் புரிந்துவிட்டாலும், "எதைப்பா? இடப்பக்கம் இருக்கிறதா, மேல இருக்கிறதா?" என்று கேட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்டால் விளையாட்டு வகுப்பறையாகிவிடும். ஆகவே அளவோடு கேளுங்கள்.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. ஸ்டாக்ஹோமின் ஹேஸ்லைட் ஸ்டூடியோஸ் 2021இல் வெளியிட்ட 'இட் டேக்ஸ் டூ', இவ்வகை விளையாட்டுகளில் மிகவும் பேசப்படுவது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான கேம் அவார்ட்ஸ் விருதையும் பெற்றது. ஒருவர் ஆணியை எறிந்து சுவரில் பதிக்க, மற்றவர் சுத்தியலை அதில் மாட்டித் தொங்கிச் செல்வது போன்ற அதன் புதிர்கள் கூட்டு முயற்சிக்கு மிகச் சிறந்தவை. ஆனால் அதன் கதை, விவாகரத்துக்கு முடிவெடுத்த ஒரு தம்பதியைப் பற்றியது. மகளின் கண்ணீரால் பெற்றோர் பொம்மைகளாகிவிடுகிறார்கள்; அவள் மறுபடி அழுதால் பழைய உருவம் திரும்பும் என்று நம்பி, அவளுக்கு மிகவும் பிரியமான யானைப் பொம்மையை அவர்களே அழிக்கிறார்கள். பொம்மைகளின் அழகைப் பார்த்து ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கித் தருபவர்கள் அந்தக் காட்சிக்குத் தயாராக இருப்பதில்லை. ஐரோப்பிய வயதுத் தரக் குறியீடு இதற்கு 12 வயது என்றே வரம்பிட்டிருக்கிறது. பெற்றோர் பிரிந்து வாழும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை. பிரிவுக்குத் தான்தான் காரணம், தான் முயன்றால் இருவரையும் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் அத்தகைய பிள்ளைகள் பலரின் மனதில் ஏற்கெனவே கனத்துக் கிடக்கிறது. கதையில் வரும் சிறுமியும் அப்படியே எண்ணுகிறாள்.

திக்கிப் பேசும் குழந்தைகளுக்கு வேறொரு கவனம் தேவை. விரைந்து சொல்ல வேண்டிய நெருக்கடி திக்குதலை அதிகரிக்கக்கூடியது. எனவே கடிகாரம் ஓடும் வெடிகுண்டு விளையாட்டு அவர்களுக்கு முதல் தேர்வாக இருக்கக் கூடாது. விளையாட விரும்பினால், நேரத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்துங்கள். வாக்கியத்தைக் குழந்தை முடிக்கும் முன் நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அன்ராவல் டூ போன்றவற்றில் அவசரம் குறைவு. கடினமான இடத்தில் ஒரு பொம்மை மற்றதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கடந்துவிடவும் முடியும். சோர்ந்துபோகும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. அறிமுகமில்லாதவரோடு இணையவழி ஆடும் வசதியையும் குரல் அரட்டையையும் அணைத்துவிடுங்கள். எந்த லெவல் முடிந்ததும் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

பெற்றோர் உடன் ஆடுவதால் பயன் உண்டா என்று ஆய்வுகளைச் சுட்டிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாரா கோய்ன் குழுவினர் 2011இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பெற்றோரோடு வீடியோ கேம் ஆடிய வளரிளம் பெண்களிடம் பிறருக்கு உதவும் இயல்பு கூடுதலாகவும் முரட்டுத்தனம் குறைவாகவும் காணப்பட்டன. ஆண் பிள்ளைகளிடம் அத்தகைய தொடர்பு தெரியவில்லை. அது தொடர்பை மட்டுமே காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவவில்லை. ஆகவே விளையாட்டைச் சிகிச்சைக்கு மாற்றாக யாரும் எண்ண வேண்டாம்.

சில மாலைகள் ஆடிய பிறகு சிலவற்றைக் கவனித்து வாருங்கள். ஏழு, எட்டு வயதாகியும் "முதல்ல பெட்டியைத் தள்ளு, அப்புறம் மேல ஏறு" என்பது போன்ற இரண்டு கட்டக் குறிப்பைத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறதா? 'முன்', 'பின்', 'மேலிருந்து இரண்டாவது' போன்றவற்றில் ஓயாமல் குழம்புகிறதா? எத்தனை முறை கேட்டாலும் கையைக் காட்டுவதைத் தவிர வேறு விளக்கம் வரவில்லையா? அப்படியானால் காது கேட்கும் திறன், மொழித்திறன் இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வரும்போது, நீங்கள் இருவரும் விளையாடும்போது பேசிய ஐந்து நிமிட ஒலிப்பதிவு ஒன்றைக் கொண்டுவாருங்கள். புதிய இடத்தில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் குழந்தை எங்களிடம் பேசாத பலவற்றை அந்தப் பதிவில் கேட்டுவிடலாம்.