நிவாரணப் பொதியில் பால்மா வேண்டாம், தாய்க்கு ஒரு மறைவிடம் கொடுங்கள்

வன்னியில் வெள்ளம் வந்தால் அரசாங்க உதவிக்கு முன்பே ஊர்ப் பொடியள் வந்து நிற்பார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கண்டாவளைப் பக்கம் நீரில் மூழ்கியபோதும் அப்படித்தான். விளையாட்டுக் கழகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் என்று எல்லோரும் கைகொடுப்பது இங்கே வழக்கம். அந்தப் பொதிகளில் அரிசி, பருப்பு, சீனியோடு 400 கிராம் பால்மாப் பைக்கற்றும் அநேகமாக இருக்கும்.

கிளினிக்கிலும் முகாமிலும் தாய்மாரோடு வேலை செய்யும் குடும்பநல உத்தியோகத்தராக ஒன்று கேட்கிறேன். கைக்குழந்தை இருக்கும் குடும்பங்களுக்குப் பால்மாவும் போத்தலும் பொதுவாகப் பங்கிடாதீர்கள். அந்தப் பைக்கற் பெரியவர்களின் தேநீருக்கானது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் கரைத்துக் கொடுப்பது வெள்ளம் இல்லாத நாளிலும் சரியல்ல.

இதை வன்னியில் சொல்வது லேசான காரியமில்லை. இறுதிப் போரின்போது, 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணை விழுந்து இறந்தார்கள். உப்புக் கஞ்சியோடு நாட்களைக் கடத்திய ஓர் அம்மம்மாவுக்குப் பால்மாப் பைக்கற் என்பது பேரப்பிள்ளையின் உயிர். அவர் அதைப் பத்திரப்படுத்தி வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்த வேண்டுகோள் கொடுப்பவர்களுக்கு.

முகாமில் அடிக்கடி காதில் விழுவது, "மிஸ், பயத்தில பால் வத்திப்போச்சு." வற்றவில்லை. பயமும் களைப்பும் பால் இறங்கி வருவதைத்தான் கொஞ்ச நேரம் தடுக்கும், சுரப்பதை நிறுத்தாது. தாயை ஓர் அமைதியான மூலையில் இருத்தி, குடிக்க ஏதாவது கொடுத்து, குழந்தையை உடம்போடு அணைத்துத் திரும்பத் திரும்பப் பால் குடிக்க விட்டால் பால் இறங்கும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். இடையில் போத்தல் வந்தால் உறிஞ்சுவது குறையும், பாலும் குறையும். அதைப் பார்த்துப் பயந்த தாய் அடுத்த போத்தலைக் கரைப்பாள். கடைசியில் பால் உண்மையிலேயே குறைந்துவிடும். அப்படிக் குறைந்த பாலையும் திரும்ப வரவைக்கலாம், ஆனால் அதற்குப் பொறுமையும் பக்கத்தில் ஒருவரின் உதவியும் வேண்டும். பால் போதுமா என்று சந்தேகமா? பிறந்து ஒரு கிழமை கடந்த குழந்தை தாய்ப்பால் மட்டும் குடித்து நாளுக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறமாகச் சிறுநீர் கழித்தால் போதும்.

"நானே சாப்பிடேல்லை, எனக்கு எப்பிடிப் பால் வரும்?" என்றும் கேட்பார்கள். மெலிந்த தாயாலும் குழந்தைக்குப் போதிய பால் கொடுக்க முடியும். கரைவது அவளுடைய உடம்பு. ஆகவே பாலூட்டும் தாய்க்கு வழமையான சாப்பாட்டோடு இன்னொரு சின்னச் சாப்பாடும் போதிய குடிநீரும் கொடுங்கள். இன்னொன்று, மறைவு. ஆண்களும் பெண்களும் நிறைந்த வகுப்பறையில் ஓர் இளம் தாய் எப்படி ஆறுதலாகப் பாலூட்டுவாள்? இரண்டு சீலையைக் கட்டி ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். செலவே இல்லாத உதவி இது, ஆனால் பல முகாம்களில் யாருக்கும் முதலில் தோன்றாதது.

தண்ணீரையும் யோசியுங்கள். வெள்ளம் ஏறினால் மலசலகூடக் குழியின் நீர் கிணற்றுக்குள் போய்விடும். சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரில் போத்தல் கழுவுவதே ஆபத்து. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006 நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்த ஆய்வில், நன்கொடையாகக் குழந்தைப் பால்மா கிடைத்த இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வயிற்றோட்டம் மற்றப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி என்ற வயிற்றோட்டத்துக்கான உப்புத் தூளில் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

தாய் இல்லாத குழந்தைக்கும், தாய் கடும் நோயில் இருக்கும் குழந்தைக்கும் மாப்பால் தேவைப்படலாம். அதை எங்களிடமோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ விடுங்கள். அந்தக் குழந்தைக்கான பால்மாவைத் தெரிந்தெடுத்து, சுத்தமான கோப்பையால் பருக்கும் முறையைக் காட்டித் தருவோம். கோப்பையைக் கழுவுவது லேசு, போத்தலைக் கழுவுவது அப்படியல்ல.

ஆறு மாதம் கடந்த பிள்ளைகளின் கஷ்டம் வேறு. முகாமுக்கு வரும் சாப்பாட்டுப் பார்சல் உறைப்பாக இருக்கும், நேரம் பிந்தியும் வரும். ஒரு வயதுப் பிள்ளையின் சின்ன வயிற்றுக்கு நாளுக்கு மூன்று நான்கு தடவை கொடுக்க வேண்டும். சமையலுக்குப் பொறுப்பான அண்ணாமாரிடம் சொல்கிறேன், தூள் போட முன் சோறு, பருப்பு, பூசணியைப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வையுங்கள். தாய் அதை மசித்து, கொஞ்சம் தேங்காய்ப்பாலும் அவித்த முட்டையும் சேர்த்துக் கொடுப்பாள். கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமாவுக்கு அடுப்புத் தேவையில்லை, அதனால் முகாமில் மிகவும் உதவும். அதைப் பிள்ளைக்கும் தாய்க்குமே விட்டுவையுங்கள்.

நாங்கள் வரும்போது ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் மேற்கைச் சுற்றளவை ஒரு நிற நாடாவால் அளப்போம். 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் கடுமையான போசாக்கின்மை, தாமதிக்க முடியாது. இரண்டு பாதங்களும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்து நின்றால் அதுவும் அதே அளவு ஆபத்து. அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று தெரிவதால் வீட்டார் ஏமாந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு அவசரப்பட்டு நிறையச் சாப்பாடு திணிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

முகாம் கலைந்து வீடு போனதும் தாய்க்குச் சேறு அள்ளவும் பாய் கழுவவுமே பொழுது போய்விடும், பிள்ளையின் சாப்பாடு அந்த நாட்களில்தான் தவறும். அடுத்த கிளினிக்குக்கு நிறை பார்க்கக் கட்டாயம் கூட்டி வாருங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு வெள்ளத்தோடு போய்விட்டதென்று வெட்கப்பட்டு வராமல் இருக்க வேண்டாம். ஊசி விபரம் எங்கள் பதிவில் இருக்கும், புதிய புத்தகம் எழுதித் தருவோம்.