எல்கேஜி பிள்ளைக்கு விரல் பயிற்சி கேட்டு வருகிறவர்களுக்கு

காலாண்டு பேப்பர் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நாலு வரி நோட்டும் கையுமாக என் கிளினிக்குக்கு வருகிற பெற்றோர் கூட்டம் தொடங்கிவிட்டது. "ரெண்டு வரி எழுதுனா கை வலிக்குதுங்கிறான் மேடம். விரலுக்கு ஏதாச்சும் எக்சர்சைஸ் சொல்லுங்க." பையனுக்கு நாலு வயது. நோட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன். தள்ளாடி அப்பாவின் சட்டையைப் பிடித்தான். படியேறச் சொன்னால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைக்கிறான். மூன்று வயதிலேயே காலை மாற்றி மாற்றி வைத்து ஏறியிருக்க வேண்டியவன். வீட்டில் லிஃப்ட், தெருமுனையில் வேன், நடுவில் அம்மா இடுப்பு. அவன் எங்கே படியேறுவான்?

இதை எத்தனை தடவை சொல்வது என்று எனக்கே தெரியவில்லை: எழுதுவதை விரல் மட்டும் செய்வதில்லை. விரல் நிதானமாக அசைய மணிக்கட்டு உறுதியாக நிற்க வேண்டும். மணிக்கட்டுக்குத் தோள், தோளுக்கு முதுகும் இடுப்பும். அடி ஆடுகிற ஏணியில் நிற்பவனிடம் சுவரில் நேர்கோடு போடச் சொன்னால் போடுவானா? உங்கள் பிள்ளை எழுதும்போது பாருங்கள். இடது கையில் தலையைத் தாங்கி, மேசையில் சாய்ந்து, பென்சிலை நசுக்கிப் பிடித்திருப்பான். வலிக்கிறது என்று அவன் சொல்வது சாக்கு இல்லை. பிறக்கும்போது மணிக்கட்டின் 8 எலும்புகளில் ஒன்றுகூட எலும்பாகியிருக்காது, எல்லாம் குருத்தெலும்பு. நாலு வயதில் எக்ஸ்ரே எடுத்தால் ஏறக்குறைய பாதிதான் தெரியும். அந்தக் கையைப் பிடித்து ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுத வைப்பதும், போதாதென்று சாயங்காலம் கையெழுத்து வகுப்புக்கு அனுப்புவதும் எந்த ஊர் நியாயம்?

"வீட்டுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருப்பான்" என்பார்கள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஐந்து எட்டு வைக்கத்தான் இடம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சிரைக்கிற ஆட்டமாக இருக்க வேண்டும். மொத்தமாக வேண்டாம், நாள் முழுக்கப் பிரிந்து வந்தால் போதும். டிவி, செல்போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ராஜாஜி பூங்காவுக்குக் கூட்டிப்போவது நல்லதுதான். ஆனால் ஆறு நாள் பாக்கியை ஒரு நாளில் அடைக்க முடியாது.

உடனே ஸ்கேட்டிங்கில் சேர்க்கவா, கராத்தேயில் சேர்க்கவா என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே இந்த வயதுப் பிள்ளை பாதி நேரம் வரிசையில் தன் முறைக்குக் காத்து நிற்கிறது. பாண்டி ஆடட்டும். நொண்டியடித்துக் கோட்டை மிதிக்காமல் சில்லைக் குனிந்து எடுப்பதில் கால் பலம், சமநிலை, குறி எல்லாமே இருக்கிறது. கல்லா மண்ணாவில் திண்ணையில் ஏறுவதும் குதிப்பதும் ஓடுகிற ஓட்டத்தில் திரும்புவதும் தானாக வரும். கம்பியில் தொங்கட்டும், தோளுக்கு அதைவிட நல்ல பயிற்சி என் கிளினிக்கில் கிடையாது. சப்பாத்தி மாவு பிசையட்டும், ஈரத்துணி பிழியட்டும், பாதிக் குடம் தண்ணீர் தூக்கட்டும். இடமில்லை என்றால் மொட்டைமாடி இருக்கிறது, கைப்பிடிச் சுவரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் போதும். மண்ணில் வெறுங்காலோடு விடுங்கள், முள்ளும் கண்ணாடியும் இல்லாத இடமாகப் பார்த்து. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தச் சக்கர வாக்கரைத் தூக்கிப் போடுங்கள். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுதி முடிக்காத பிள்ளைக்கு விளையாட்டுப் பீரியடை வெட்டாதீர்கள், தயவுசெய்து. அந்தப் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.

எல்லாவற்றையும் விளையாட்டு சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லையா, எப்போதும் நுனிக்காலில் நடக்கிறதா, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லையா, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழுகிறதா? "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் வரும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். முக்கியமாக, தொடையில் கை ஊன்றி எழுவது தசைநோயின் அறிகுறியாக இருக்கலாம். ரத்தத்தில் சிபிகே (தசை சிதைந்தால் கூடுகிற ஒரு நொதி) பார்க்கச் சொல்வார்கள். என்னிடம் வருவதற்கு முன்னால் குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். பயிற்சி வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.